கண்ணுக்குள் ஒரு களவு

"எங் கண்ணுக்குள்ள இருந்து ஒரு சாமான் களவு போயிருக்கு தம்பி. நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

வந்தவள் இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது தப்பு. நாற்காலிக்கு அரை முழம் முன்னாலேயே, வெறும் காற்றில் உட்காரப் போனாள். இப்ராஹிம் ஒரே பாய்ச்சலில் நாற்காலியை இழுத்து அவளுக்கு அடியில் தள்ளினான். இல்லாவிட்டால் அந்தக் கேஸ் அங்கேயே எலும்பு முறிவு கேஸாக மாறியிருக்கும்.

ஐயம்பெருமாள் துப்பறியும் நிலையம் திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் இருந்தது. கீழே பிள்ளைகள் தட்டுகிற தட்டில் மாடித் தரை எந்நேரமும் அதிரும். துப்பறியும் நிலையம் என்று போர்டில்தான் பெரிதாக எழுதியிருந்ததே தவிர, வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பு ஒரு நிச்சயம் முறிந்ததா என்கிற ரகம்தான். ஐயம்பெருமாள் மின்வாரியத்தில் கரண்ட் திருட்டுப் பிடிக்கும் பிரிவில் இருந்தவர். மேலதிகாரியின் மச்சான் வீட்டுக் கொக்கியையே பிடித்துவிட்டு வேலையை விட்டவர். மேலப்பாளையத்து இப்ராஹிம் அவருடைய ஒரே உதவியாளன். அவனுக்கு முன்னால் வாய் போகும், பின்னால் அவன் போவான்.

"கண்ணுக்குள்ள இருந்து களவா? அப்போ கள்ளன் ரொம்பச் சின்ன ஆளாத்தான் இருக்கணும் அண்ணாச்சி" என்றான் இப்ராஹிம்.

"ஏலே, சும்மா கெட." ஐயம்பெருமாள் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கக்கா. ஒங்க பேரு?"

"நீங்களாவது பேரைக் கேட்டிய. ஆஸ்பத்திரியில நான் வெறும் ஒண்ணாம் நம்பருதான். பேரு கோமு. பேட்டையில மெஸ் நடத்துதேன். லேத்துப் பட்டறைக்காரவுகளுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு நம்ம கையாலதான்."

ஐம்பத்தைந்து வயதிருக்கும். தடித்த மூக்குத்தி, நெற்றியில் பெரிய பொட்டு. மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. அதன் வலது சில்லு அவ்வளவு கனம். வலது காலில் புறங்கால் முழுக்கத் துணி சுற்றியிருந்தது.

"வலது கண்ணுல பொறை விழுந்துச்சு. தச்சநல்லூர்ல டாக்டர் முகுந்தன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ள ஒரு லென்சு வச்சிட்டா பழைய மாதிரி பளிச்சினு தெரியும், தூரத்துல வார பஸ்ஸு போர்டை வாசிக்கலாம்னு சொன்னாரு. எனக்கு அதுதானே பழக்கம், சின்ன வயசுல கண்ணாடியே போட்டதில்ல. ஆனா கட்டை அவுத்துப் பாத்தா எல்லாம் ஒரே மசங்கல். இந்தா இந்தக் கண்ணாடியைக் குடுத்து அனுப்பிட்டாரு. எங்க தெருவுல ஒருத்தர் அந்தக் காலத்து முகாம்ல லென்சு இல்லாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு. அவரு போட்டிருக்கதும் இதே மாதிரிதான். அப்போ என்ன அர்த்தம்? எனக்கும் லென்சு வைக்கலை. வச்சேன்னு சொல்லிக் களவாங்கிட்டாவ."

இப்ராஹிம் தலையாட்டினான். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

"கால்ல என்னக்கா?"

"இந்தக் கண்ணாடியில எல்லாம் கிட்டக்க இருக்க மாதிரித் தெரியுது. எண்ணெய்ச் சட்டியை அடுப்புல வைக்கேன்னு நெனச்சு அடுப்புக்கு முன்னால வச்சேன். அங்கன ஒண்ணுமே இல்ல, என் காலுதான் இருந்துச்சு." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எடது கண்ணுலயும் பொறை மூடிக்கிட்டு வருது. வெளிச்சம் தெரியுது, ஆளு தெரியலை. அதையாவது ஆபரேஷன் பண்ணிக்கோம்மான்னு மவ மீனு அழுதா. களவாங்குன கையில இன்னொரு கண்ணையும் குடுக்கவா? முடியாது. எங் கண்ணுல என்ன செஞ்சாவன்னு தெரியாம இனி ஒரு கத்தி எம் மேல படாது. குருடியாப் போனாலும் போவேன்."

அவள் குரலில் வீம்பைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. ஐயம்பெருமாள் அதைக் கவனித்தார். இவள் சொன்னதைச் செய்கிறவள். இந்தப் பிடிவாதத்தோடு விட்டால் கொஞ்ச நாளில் இரண்டு கண்ணும் போய்விடும்.

"கண்ணாடியைக் கழத்துங்கக்கா." மேஜையிலிருந்து டார்ச்சை எடுத்தார். ஜன்னலைச் சாத்தினார். அவள் வலது கண்ணில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, பைய நகர்த்தினார்.

கருமணிக்கு நடுவில் சுரீரென்று ஒரு மினுக்கம். கிணற்றுக்குள் கிடக்கிற காசு மாதிரி.

"இப்ராஹிம், இங்கன வந்து பாரு."

"மினுங்குது அண்ணாச்சி! நம்ம கடையநல்லூர் மாப்பிள்ளைக்கு மினுங்குன மாதிரியே!"

அந்த மாப்பிள்ளை தனக்கு முப்பத்தேழு வயது என்று சொல்லிப் பெண் கேட்டவர். போட்டோவில் கண்மணி மினுங்கியதை வைத்து, கண்புரை ஆபரேஷனையும், அப்புறம் கல்லூரியில் படிக்கும் மகனையும் கண்டுபிடித்தார்கள். அன்றைக்குப் படித்த பாடம் இன்றைக்கு உதவியது.

"லென்ஸ் உள்ளதான் இருக்குக்கா. களவு போகலை."

கோமுவின் முகம் தொங்கிப்போனது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் திருடன் என்று ஒருத்தன் இருந்தால் திட்டவாவது ஆள் இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

"அப்போ எனக்கு ஏன் தம்பி தெரியலை?"

"கண்ணாடியைத் திரும்பப் போடுங்க. ஏலே, அக்கா கண்ணு இப்போ எப்படித் தெரியுது?"

"கோயில் காளை மாதிரி, பெருசா."

"செருப்பு பிய்யும்" என்றாள் கோமு.

"கண்ணைப் பெருசாக் காட்டுத கண்ணாடி ஒரு ஜாதி, சின்னதாக் காட்டுதது இன்னொரு ஜாதி" என்றார் ஐயம்பெருமாள். "ஒங்ககூட அன்னைக்கு வேற யாரும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களா?"

"கமரு! பத்தமடைக் கமர் நிஷா. ஒரே ரூமு, ஒரே நாளு, அவளுக்கும் வலது கண்ணுதான். தங்கமான மனுஷி தம்பி. நான் கொண்டு போன எலுமிச்சங்கா ஊறுகாயைத் தொட்டுக்கிட்டுதான் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடிச்சோம்."

"அவுக முன்னாடியே கண்ணாடி போட்டவுகளா?"

"பள்ளிக்கொடத்துல இருந்தே போடுதாளாம். கண்ணாடிக்குள்ள அவ கண்ணு கடுகுதான்."

ஐயம்பெருமாள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "லென்ஸு செருப்பு மாதிரிக்கா. ஆளுக்கு ஒரு அளவு. அளவெடுத்துத்தான் வைப்பாங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க, அடுப்புப் பக்கம் மட்டும் போகாதிய."

டாக்டர் முகுந்தன் ஐம்பது வயதுக்காரர். மேஜை மேல் பிளாஸ்டிக் கண் ஒன்று வைத்திருந்தார். ஐயம்பெருமாள் பேசப்பேச அந்தக் கண்ணைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த அம்மா ஊரெல்லாம் என்னைத் திருடன்னு சொல்லிட்டு அலையுது சார். நான் லென்ஸ் வச்சேன்."

"வச்சீங்க, பாத்தேன். அவங்க லென்ஸை வச்சீங்களா?"

"அளவுக் கணக்குல சில சமயம் முன்னே பின்னே வரும்."

"இது கொஞ்சம் முன்னே பின்னேயா டாக்டர்?"

டாக்டர் கையிலிருந்த பிளாஸ்டிக் கண் இரண்டாகப் பிரிந்து மேஜையில் உருண்டது. இப்ராஹிம் அதைப் பிடித்து, "இதையாவது சரியா மாட்டிருங்க" என்று நீட்டினான். ஐயம்பெருமாள் அவன் காலை மிதித்தார்.

"என் தியேட்டர்ல லென்ஸ் மாற வழியே இல்லை" என்றார் டாக்டர், குரலை உயர்த்தி. "அட்மிட் ஆன உடனே அவங்கவங்க லென்ஸ் டப்பாவுல கட்டில் நம்பரை ஒட்டிருவோம். ஒண்ணாம் நம்பர் கமர் நிஷா, ரெண்டாம் நம்பர் கோமு. மறுநாள் காலையில சிஸ்டர் கட்டில் நம்பர் சொல்லிக் கூட்டிட்டு வருவா. அந்த நம்பர் டப்பாவைத்தான் நான் பிரிப்பேன். எங்கே தப்பு வரும்? நீங்களே சொல்லுங்க."

"கோமு ரெண்டாம் நம்பரா?"

"ஆமா."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இப்ப ரூம் காலியாத்தான் இருக்கு, வேணும்னா போய்ப் பாருங்க."

ஐயம்பெருமாள் எழுந்தார். கதவருகே நின்று கேட்டார். "தப்பு எங்கேன்னு நான் காட்டினா, அந்த லென்ஸை எடுத்துட்டு வேற வைக்க முடியுமா?"

டாக்டரின் முகத்தில் கோபம் இறங்கிப் போயிருந்தது. "முடியும். ஆனா நாள் ஆக ஆக அது உள்ளேயே ஒட்டிக்கும். அப்புறம் எடுக்கிறது ஆபத்து. காரணம் தெரியாம, என்ன தப்புன்னே தெரியாம ஒரு கண்ணை மறுபடி கிழிக்க எனக்குத் தைரியம் இல்லை சார். அந்த அம்மாவும் விடமாட்டாங்க."

இந்த மனுஷனும் சரியாகத் தூங்குவதில்லை என்று ஐயம்பெருமாளுக்குத் தோன்றியது.

அந்த ரூமில் இரண்டே இரும்புக் கட்டில்கள். கால்கள் சிமென்ட்டில் புதைத்துப் பூசியிருந்தன. நகர்த்த முடியாது. கண் நோயாளிகளுக்காகத் தலைமாடு நிரந்தரமாகத் தூக்கி வைத்த சரிவு. கால்மாட்டில் தலை வைத்தால் ரத்தமெல்லாம் மண்டைக்கு இறங்கிவிடும். சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒன்று, இரண்டு. இரண்டாம் நம்பர் கட்டில் ஒரு சுவரை ஒட்டியும், ஒண்ணாம் நம்பர் குறுக்கே இன்னொரு சுவரை ஒட்டியும் கிடந்தன.

இப்ராஹிம் ஒண்ணாம் நம்பரில் ஏறிப் படுத்தான். "சரிவு பலமா இருக்கு அண்ணாச்சி. அசந்து தூங்கினா சறுக்கிக்கிட்டே வாசல் வழியா ரோட்டுக்கு வந்திரலாம். பில்லு கட்ட வேண்டாம்." சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேரே வந்து அவன் உள்ளங்காலில் அடித்தது. "சுடுது" என்று சொல்லிக் காலை மடக்கிக்கொண்டு இறங்கினான்.

"இப்ராஹிம், கோமுக்கா தன்னை எத்தனாம் நம்பர்னு சொன்னாங்க?"

"ஒண்ணு."

"டாக்டர்?"

"ரெண்டு." அவன் தலையைச் சொறிந்தான். "யாருக்கோ எண்ணத் தெரியலை அண்ணாச்சி."

"இல்லைலே. ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லுதாங்க. அதுதான் எனக்குப் பிடிபடலை."

மறுநாள் காலை இப்ராஹிமின் டி.வி.எஸ். ஃபிஃப்டி முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம் தாண்டிப் பத்தமடைக்குள் நுழைந்தது. வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தது. வழி நெடுக ஐயம்பெருமாளின் கனத்துக்கு வண்டி முனகியது. வண்டியின் சார்பாக இப்ராஹிமும் முனகினான்.

கமர் நிஷாவின் வீடு பள்ளிவாசல் தெருவில். முற்றத்தில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, தலையில் முக்காடு. கண்ணாடிக்குள் அவள் கண்கள் கடுகாகத்தான் தெரிந்தன. கண்ணாடியின் காது பழைய நூலால் கட்டப்பட்டிருந்தது. ஐயம்பெருமாள் முதலில் பார்த்தது அந்த நூலைத்தான்.

இப்ராஹிம் சலாம் சொன்னான். கோமு அனுப்பினாள் என்றதும் அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கோமு நல்லா இருக்காளா? உள்ள வாங்க, பாயில உக்காருங்க. அவ ஊறுகா ருசி இன்னும் நாக்குல இருக்கு வாப்பா. கண்ணு எப்படி இருக்காம் அவளுக்கு?"

"ஒங்களுக்கு எப்படி இருக்கு மாமி?" என்றார் ஐயம்பெருமாள்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லாத் தெரியுது. புகை மண்டுன மாதிரி இருந்தது போயிருச்சு. கண்ணாடியே வேண்டாம்னு டாக்டரு சொன்னாரு, அது மட்டும் நடக்கலை. ஆனா பாருங்க, என் பழைய கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன், அப்படியே பொருந்திப் போச்சு. மறுபடி போயி அந்த மனுஷனைத் தொந்தரவு பண்ணுவானேன்னு இருந்துட்டேன்."

ஐயம்பெருமாளும் இப்ராஹிமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அளந்த லென்ஸ் உள்ளே இருந்தால் பழைய கண்ணாடி பொருந்தாது; கண்ணாடியே போடாத ஒருத்தியின் லென்ஸ் போனதால்தான் பழைய பவர் அப்படியே நிற்கிறது. கோமுவின் லென்ஸ் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. அது எப்படி இங்கே வந்தது என்பதுதான் தெரியவில்லை.

கமர் நிஷா உள்ளே போய் ரோஸ் மில்க் கலக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் இப்ராஹிம் முதுகுவலி என்று சுவரில் சாய்ந்து, பாயில் இரண்டு காலையும் நீட்டிவிட்டிருந்தான்.

"ஏலே!" தம்ளர் தளும்பியது. "யாரு வீட்டுப் புள்ளைலே நீ? கிப்லாப் பக்கமா காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கே! மடக்குலே!"

மக்கா இருக்கும் மேற்குத் திசையில் காலை நீட்டுவது மரியாதைக்கேடு. இப்ராஹிமுக்குத் தெரியாததா? சுருண்டு சம்மணம் போட்டுக்கொண்டான். "புது வீடு மாமி, தெசை தெரியலை. அல்லாஹ் மன்னிக்கணும்" என்றவன், ஐயம்பெருமாளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

ஐயம்பெருமாள் அவனுடைய உள்ளங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் வெயில் எங்கன அடிச்சுது?"

"உள்ளங்கால்ல…" இப்ராஹிம் மெல்லச் சொன்னான். "ஒண்ணாம் நம்பர் கட்டில்ல கால் மேற்கே அண்ணாச்சி."

"தலை கிழக்கே. அப்போ குறுக்கே கெடக்க ரெண்டாம் நம்பர்ல?"

"காலு தெற்கே… தலை வடக்கே."

"எங்க வீட்டுல யாரும் வடக்கே தலை வச்சுப் படுக்க மாட்டோம். கோமுக்காவும் படுக்க மாட்டாங்க." ஐயம்பெருமாள் கமர் நிஷாவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்துவிட்டது. "மாமி, ஆஸ்பத்திரியில ஒங்களுக்கு ஒண்ணாம் நம்பர் கட்டிலைத்தானே குடுத்தாங்க. அதுல எப்படிப் படுத்திய?"

"படுக்கலையே வாப்பா." அவள் சிரித்தாள். "தலைமாட்டை மாத்திப் படுக்கவும் தோது இல்ல, சரிவாக் கெடக்கு. காலை மடிச்சுக் குந்தியே இருந்தேன். கோமு என்ன கமருன்னு கேட்டா. சொன்னேன், கட்டில் மாத்திக்கிடலாமான்னு நான்தான் கேட்டேன். அவளுக்கும் வடக்கே தலை வைக்க மனசில்லாம சாமியைக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. சிஸ்டரு கண்டா ஏசுவான்னு சத்தங்காட்டாம மாத்திப் படுத்துக்கிட்டோம். நல்ல தூக்கம்."

"காலையில?"

"காலையில மூக்குத்தி, கம்மல் எல்லாம் கழத்தி வாங்கிட்டாவ. கோமு பொட்டையும் அழிச்சாச்சு. ஒரே பச்சைச் சட்டை, ஒரே பச்சைத் தொப்பி. அவளையும் என்னையும் பாத்தா அக்கா தங்கச்சி மாதிரி இருந்துச்சு. கண்ணுல சொட்டு மருந்து ஊத்தி, மாத்திரையைக் குடுத்து, பாதி மயக்கம். ஒண்ணாம் நம்பர் வான்னு கூப்பிட்டாவ, கோமு போனா. ரெண்டாம் நம்பர்னு கூப்பிட்டாவ, நான் போனேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். கையிலிருந்த தம்ளரைத் தரையில் வைத்தாள். அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கோமுக்குக் கண்ணு சரியாத் தெரியலையா?"

ஐயம்பெருமாள் பொய் சொல்ல நினைத்தார். சொல்ல முடியவில்லை. "தெரியலை மாமி."

"எனக்கு வச்சிருக்கது அவளுது."

"ஆமா."

கமர் நிஷா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. இப்ராஹிம் சற்று நகர்ந்து உட்கார்ந்து, "மாமி, நீங்க வேணும்னு செஞ்சதா?" என்றான்.

"கேட்டது நாந்தானே வாப்பா? அவ பாட்டுக்கு அவ கட்டில்ல படுத்திருந்தா…"

"நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியப்போறதில்ல மாமி" என்றார் ஐயம்பெருமாள். வேண்டுமென்றே சொன்னார். அவளை இழுத்துக்கொண்டு போக அவருக்கு இஷ்டமில்லை. "ஒங்களுக்குப் பழைய கண்ணாடி போதும். ஆனா நீங்க வந்து சொன்னாத்தான் டாக்டர் நம்புவாரு. கோமுக்கா கண்ணைச் சரி பண்ண ஒரு வழி இருக்கு. நாள் கடத்தினா அதுவும் இருக்காது."

கமர் நிஷா கொடியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். முறத்து அரிசி அப்படியே முற்றத்தில் கிடந்தது. இப்ராஹிம் அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தான். ஐயம்பெருமாள் வண்டியை எடுத்துக்கொண்டு பேட்டைக்கு விரைந்தார்.

மெஸ்ஸில் கோமு சொன்ன பேச்சைக் கேட்காமல் அடுப்படியில்தான் நின்றாள். மீனு சாம்பார் வாளியைத் தூக்க விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஐயம்பெருமாள் நடந்ததைச் சொன்னார். சட்டியில் கடுகு கருகியது. யாரும் கவனிக்கவில்லை.

"கமருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள் கோமு.

"தெரியும்."

"அழுதாளா?"

"அழுதாங்க."

"அவகிட்டப் போயி ஏன் தம்பி சொன்னிய?" கோமு மீனுவைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "சரி, வாங்க போவோம்."

டாக்டர் முகுந்தனின் அறையில் இரண்டு பெண்களும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வந்ததிலிருந்து ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை. ஐயம்பெருமாள் கட்டில் கதையைச் சொல்லி முடித்ததும் டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி மூச்சு விட்டார்.

"அப்போ என் கணக்கு சரி. என் கையும் சரி." உடனே அந்த நிம்மதி வேறு பக்கம் திரும்பியது. "பேஷண்ட் இஷ்டத்துக்குக் கட்டிலை மாத்திக்கிட்டா நாங்க என்ன பண்ண முடியும்? எங்க மேல என்ன தப்பு? யாரு மாத்தினது? யாரு முதல்ல கேட்டது?"

"நாந்தான்" என்றாள் கமர் நிஷா.

"நாந்தான்" என்றாள் கோமு, அதே மூச்சில்.

"கோமு, பொய் சொல்லாத. நான்தானே…"

"நீ சும்மா இரு கமரு. டாக்டரு, இவளுக்கு ஒண்ணும் தெரியாது. வடக்கே தலை வைக்க மாட்டேன்னு நான்தான் இவளை எழுப்பி விரட்டினேன். ஏசணும்னா என்னை ஏசுங்க."

"அல்லாஹ் மேல ஆணையா நாந்தான் கேட்டேன் டாக்டரு. எழுதிக்கோங்க."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பைத் தள்ளிவிட ஆள் தேடியவருக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள்.

"டாக்டர், இவங்க மாத்துனது கட்டிலை" என்றார் ஐயம்பெருமாள். "பேரை மாத்தலை. தியேட்டர் வாசல்ல யாராவது ஒருத்தர், 'ஒங்க பேரு என்னம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

இப்ராஹிம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் எழுந்து வந்து, கோமுவின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டார்ச்சை அடித்து அவள் கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"தப்பு எங்களோடதுதாம்மா. லென்ஸை எடுத்துட்டு உங்க அளவுல வேற வைக்கிறேன். ஆனா முன்ன மாதிரி தெரியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எடுக்கும்போது உள்ளே கிழிஞ்சாலும் கிழியலாம். அப்படி ஆனா இப்ப தெரியுற அளவும் தெரியாமப் போகலாம். சும்மா விட்டா இந்தக் கண்ணாடியோடேயே காலம் தள்ளணும். நீங்கதான் சொல்லணும்."

கோமு காலில் சுற்றிய துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். கமர் நிஷாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. துஆ ஓதி வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது.

"களவு போகலைன்னு தெரிஞ்சு போச்சு" என்றாள் கோமு. "பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் செய்யுங்க. இது தெரிஞ்சா அப்புறம் எடது கண்ணையும் உங்ககிட்டயே தாரேன்."

அன்றைக்கே அட்மிட் ஆகச் சொன்னார்கள். அந்த ரூமில் ஒண்ணாம் நம்பர் கட்டிலில் கோமு உட்கார்ந்தாள். கமர் நிஷா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள், எழுந்து போகிற எண்ணமே இல்லை. ஐயம்பெருமாளும் இப்ராஹிமும் வராண்டாவில் நின்றார்கள்.

சிஸ்டர் சொட்டு மருந்துப் புட்டியோடு வேகமாக வந்தாள். வாசலில் நின்றே கூப்பிட்டாள்.

"ஒண்ணாம் நம்பர்!"

கட்டிலில் யாரும் அசையவில்லை.

"ஒண்ணாம் நம்பர் யாரும்மா? காது கேக்கலையா?"

இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். சிஸ்டர் இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தபோது, பின்னால் வந்த டாக்டர் அவள் கையிலிருந்த புட்டியை வாங்கினார். உள்ளே போய்க் கட்டிலுக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"உங்க பேரு என்னம்மா?"

கோமு சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. குரல் வந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"கோமு."